பத்து மணி விமர்சனம்

“நான்தான் அவங்களக் கொன்னேனா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

விமர்சகர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஏழு நாள் தாடியோடு, சோபாவின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. நான் காலில் தட்டிவிட்ட காபிக் கோப்பை என்றைக்கு வைத்ததோ, உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது.

எங்களைக் கூப்பிட்டவர் இவர் இல்லை, இவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரமாக லீவு போட்டுவிட்டுத் தம்பியைக் காவல் காக்கிறார்.

“போனைப் பிடுங்கி மாவு டப்பாக்குள்ள போட்டு மூடிட்டேன் மேடம்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “‘கொலைகாரா, நீயும் குதி’ன்னு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. பால்கனிச் சாவி என் இடுப்புல இருக்கு. குளிக்கப் போனாலும் எடுத்துட்டுத்தான் போறேன். இன்னும் எத்தன நாளைக்கு இப்படி?”

மேடம் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். ஆறுதல் சொல்வது அவருக்கு வராது. பத்திரிகை ஆபீசில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்திவிட்டுத் துப்பறிய வந்தவர். அடுத்தவர் எழுதியதில் இருக்கும் ஓட்டை மட்டும்தான் அவர் கண்ணில் படும். நான் அவருடைய உதவியாளன். எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது, மேடம் அதை மறந்து வெகுகாலம் ஆகிறது. ‘வாயாடி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

விஷயம் இதுதான். ‘மறுபடியும் காலை’ என்று ஒரு வீடியோ கேம். ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பெண் மாலை ஏழு மணிக்குக் கொலையாகிறாள். நாம் அந்த ஹோட்டலின் காவலாளி. தடுக்கப் போவோம், அடிதடியில் செத்துப்போவோம், செத்த மறு நொடி அதே நாளின் காலை ஆறு மணி. கொலைகாரன் யாரென்று கண்டுபிடிக்கும் வரை அந்த நாள் நம்மை விடாது. நான் அதில் நாற்பத்தோரு முறை செத்திருக்கிறேன். இந்த வழக்கில் என்னுடைய கல்வித் தகுதி அது.

கேம் கம்பெனிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே விமர்சகர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுவார்கள். ஆனால் குறித்த மணி வரை ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. மணி ஆனதும் எல்லா விமர்சனமும் ஒன்றாக வெளியே வரும். இந்த கேமுக்கு அது போன வியாழக்கிழமை காலை பத்து. விற்பனை பன்னிரண்டுக்கு. மொத்தம் இருபத்து மூன்று விமர்சனங்கள். இருபத்திரண்டு பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இவர் ஒருவர் மட்டும் பத்துக்கு நாலு மார்க் போட்டார்.

பத்து ஐம்பதுக்கு, கேமின் கதாசிரியை ஸ்டூடியோவின் பின்பக்கம் சிமென்ட் தரையில் கிடந்தார். மேலே மொட்டை மாடி. ஆறு வருடம் இந்த ஒரு கதையை எழுதிக்கொண்டிருந்த பெண்.

ஸ்டூடியோ டைரக்டர் போலீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் ஊருக்கே தெரியும். பத்து பத்துக்குக் கதாசிரியை லேப்டாப்போடு அவர் அறைக்கு வந்தாராம். இந்த விமர்சனத்தைத் திறந்து, ஒரு வரியைப் படித்துக் காட்டிவிட்டு, தேம்பித் தேம்பி அழுதாராம். ‘இந்த ஆட்டத்தில் மறுபடியும் மறுபடியும் சாவது காவலாளி அல்ல, கதை’ என்ற வரி. ‘தனியாக இருக்கட்டும் என்று விட்டேன், அதுதான் நான் செய்த தப்பு’ என்று இரங்கல் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தற்கொலை என்று போலீஸ் ஃபைலைக் கட்டி வைத்துவிட்டது. அன்று மாலையிலிருந்து ஊர் இவரைக் கொலைகாரன் ஆக்கிவிட்டது.

“அந்த வரி நீங்க எழுதினதா?” என்று மேடம் கேட்டார்.

“நான்தான் எழுதினேன். மறுக்கல.”

“வெளியானதும் படிச்சீங்களா?”

“என்னோடத நான் படிக்க மாட்டேன். பதினஞ்சு வருஷப் பழக்கம். அனுப்பிட்டா அனுப்பினதுதான். திரும்பப் படிச்சா திருத்தணும்னு கை பரபரக்கும்.” முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “தினமும் கண்ணு முழிச்சா அந்த வியாழக்கிழமைதான். மறுபடி பத்து மணி ஆகுது. மறுபடி அவங்க விழறாங்க.”

எனக்கு ஒரு ஜோக் வாய் வரைக்கும் வந்தது. அந்த அறையில் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

நாங்கள் அக்காவோடு சமையலறைக்குப் போனோம். மேடம் கேட்டபடி என் லேப்டாப்பில் விமர்சனங்களைத் திறந்தேன். பாராட்டிய இருபத்திரண்டும் வரிசையாக வந்தன. உலுக்கி எடுத்தது, உறைய வைத்தது, உறங்க விடவில்லை. ஆளாளுக்கு ஒரு உபாதை.

“கடைசியப் பத்தி என்ன சொல்றாங்க?”

“‘முடிவைச் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டோம்.’ இருபத்திரண்டு பேரும் அதேதான்.”

“நாகரிகமா? இல்ல, கடைசி வரைக்கும் போய்ச் சேரவே இல்லயா?”

“நாப்பத்தோரு தடவ செத்தவனா சொல்றேன் மேடம், போய்ச் சேந்திருக்க மாட்டாங்க.”

“இவர் என்ன எழுதியிருக்கார்?”

படித்தேன். முதல் ஒன்பது மணி நேரத்தை அவ்வளவு பிரியமாக எழுதியிருந்தார். அந்தத் துணி வெளுக்கும் பெண் வேலை செய்துகொண்டே பாடுவதைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி. அப்புறம் இப்படி: ‘இந்தக் கையை நம்பித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். கடைசி ஒரு மணி நேரம் இதே கை எழுதியது அல்ல. யாரோ நடுவில் பேனாவைப் பிடுங்கியிருக்கிறார்கள். திடீரென்று ஹெலிகாப்டர் வருகிறது, வெடிக்கிறது, செத்தவள் பிழைத்துக்கொள்கிறாள். கொலை மர்மம் கடைசிப் பக்கத்தில்தான் உயிர் வாழ வேண்டும். ஆகவே நாலு.’ விமர்சனத்தின் உச்சியில், தலைப்புக்குக் கீழே, பெரிய எழுத்தில் அந்த ஒரு வரி.

மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். எனக்குத் தெரியும், அது நல்ல சகுனம்.

“கீழ வசவு எல்லாம் இருக்கே, அத ஆரம்பத்துலேர்ந்து படி. அந்த வரிய எடுத்துப் போட்டு முதல்ல திட்டினது யாரு? எத்தன மணிக்கு?”

படித்தேன். பத்து மணி ஒரு நிமிடத்திலிருந்து ஆரம்பம். அவருடைய மார்க்கைத் திட்டினார்கள், மூளையைத் திட்டினார்கள், மூக்குக் கண்ணாடியைத் திட்டினார்கள், பெற்றவர்களையும் விடவில்லை. பத்தரை, பதினொன்று, பதினொன்றே கால். முந்நூற்றுப் பதினெட்டு பேர். நிமிர்ந்தபோது என் தொண்டை வறண்டிருந்தது.

“முதல் ஆள் பதினொன்னு முப்பத்தி நாலுக்கு வர்றான் மேடம். அதுக்கப்புறம் எல்லாரும் அந்த வரியத்தான் பிடிச்சுட்டுத் தொங்கறாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தன்கூட அதப் பத்திப் பேசல.”

“உச்சியில, பெரிய எழுத்துல இருக்கற வரி. திட்டறதுக்குன்னே வந்த முந்நூறு பேர். ஒருத்தன் கண்ணுலகூடப் படல?” மேடம் எழுந்துவிட்டார். “வண்டிய எடு.”

விமர்சனம் வெளியான வெப்சைட்டின் ஆபீஸ் ஒரு டயர் கடையின் மாடியில், இரண்டு அறை. சுவரில் ஒரு பெரிய திரை; இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண் ஓடிக்கொண்டே இருந்தது. எடிட்டர் எங்களிடம் பேசும்போதுகூட அவர் கண் எங்கள் முகத்துக்கும் அந்த எண்ணுக்கும் மாறி மாறிப் போய் வந்தது.

“பத்து மணிக்குப் போட்டோம் மேடம். பக்கத்துல நேரமே இருக்கு பாருங்க.”

“பக்கம் பத்து மணிக்கு வந்துச்சு, சரி. அந்த வரி எப்ப வந்துச்சு?”

எண்ணைப் பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார்.

“முந்நூத்திப் பதினெட்டு பேரத் தனித்தனியா வரவழைச்சுக் கேக்கட்டுமா?” என்றேன் நான். “டயர் கடையில நாற்காலி இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

எடிட்டர் உட்கார்ந்துவிட்டார். “அவர் எழுதி அனுப்பினதுல அந்த வரி கடைசியில இருந்துச்சு. ரொம்பக் குத்துதேன்னு நான்தான் எடுத்துட்டேன். பத்து மணிக்குப் போனதுல அது இல்ல. பதினொன்றரை ஆச்சு, திட்டற முந்நூறு பேரத் தவிர எங்க பக்கத்துக்கு ஆளே வரல. எல்லாரும் பாராட்டினவங்க பக்கத்துல போய் நிக்கறாங்க. அதான், எடுத்த வரியத் தூக்கி உச்சியில வெச்சேன்.”

“எத்தன மணிக்கு?”

கம்ப்யூட்டரைத் தட்டினார். ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. “பதினொன்னு முப்பத்திரண்டு.”

“மேல பத்து மணின்னு போட்டிருக்கே?”

“திருத்தினா நேரத்த மாத்த மாட்டோம். மாத்தினா நாங்க லேட்டுன்னு ஆயிடும். எல்லா சைட்லயும் அப்படித்தான்.”

“உங்க விமர்சகர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னா… என்னைத் திட்ட ஆரம்பிச்சிடுவாங்களேன்னு…”

“அந்த மனுஷன் ஏழு நாளா மூடின பால்கனிக் கதவப் பாத்துட்டு உக்காந்திருக்கார்,” என்றார் மேடம். சத்தம் போடவில்லை. எடிட்டர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. பத்து மணிப் பிரதியையும் திருத்தப் பதிவையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்.

படியில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. “அவ்வளவுதான் மேடம்! அந்தம்மா அந்த வரியப் படிச்சிருக்கவே முடியாது. போய் அக்காகிட்ட சொல்லி, அவங்க கையால நல்லதா ஒரு காபி குடிப்போம்.”

“வாயாடி, அவங்க பத்து ஐம்பதுக்கே செத்தாச்சு. வரி பொறந்தது பதினொன்னு முப்பத்திரண்டுக்கு. அப்ப டைரக்டர் அத யார் படிச்சுக் கேட்டார்?”

காபியை நான் மறந்துவிட்டேன். மேடம் சொன்னபடி, ஃபைலைக் கட்டி வைத்த இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டேன்.

ஸ்டூடியோவின் வரவேற்பறைச் சுவரை ஒரு போஸ்டர் முழுசாக அடைத்திருந்தது. இருபத்திரண்டு பாராட்டு வரிகள், தங்க நிற எழுத்தில். டைரக்டர் வர பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். மேடம் உட்காராமல் உள்ளே நடந்தார். கதாசிரியையின் மேசை காலியாக இருந்தது. பக்கத்து மேசையில் பின்னணிக் காட்சிகள் வரைகிற ஓவியப் பெண், ஒரு தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் படிக்கட்டு ஒன்று வரைந்துகொண்டிருந்தாள். மேசை நிறைய அப்படித்தான். வீணான பிரின்ட் தாள்களின் முதுகில் ஜன்னலும் கதவும்.

“அவங்க லேப்டாப்புலதான் எல்லாம் படிப்பாங்களா?” மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

“எழுத்தாளர் அக்காவா? ஸ்கிரீன்ல அர பக்கம்கூடப் படிக்க மாட்டாங்க. தலை வலிக்கும்பாங்க. எதுவா இருந்தாலும் பிரின்ட் எடுத்து, பேனாவோடதான்.”

“அன்னிக்கும் எடுத்தாங்களா?”

ஓவியப் பெண்ணின் பென்சில் நின்றது. “எடுத்தாங்க. இங்க் தீர்ந்து முதல் தடவ மங்கலா வந்துச்சு. அதுலயே கோடு போட்டு எனக்குக் காட்டினாங்க. அப்புறம் இங்க் மாத்தி, நல்லதா ஒண்ணு எடுத்துட்டு டைரக்டரப் பாக்கப் போனாங்க. சிரிச்சிட்டே போனாங்க மேடம். அதுக்கப்புறம் அந்த மோசமான வரிய வாசிச்சுத்தான் உடைஞ்சு போயிருப்பாங்கன்னு நெனச்சேன்.” கண் நிறைந்துவிட்டது. “என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட யாருமே கேக்கல.”

“அந்த மங்கல் தாள் எங்க?”

அடுக்கிலிருந்து ஒன்றை உருவினாள். பின்பக்கம் பாதி வரைந்த ஒரு ஜன்னல். முன்பக்கம் சாம்பல் எழுத்தில் விமர்சனம். அடியில் பிரின்ட் எடுத்த நேரம் தானாகவே விழுந்திருந்தது: 10.03. உச்சியில் பெரிய எழுத்து வரி எதுவும் இல்லை. ‘யாரோ நடுவில் பேனாவைப் பிடுங்கியிருக்கிறார்கள்’ என்ற இடத்தில் நீல மையில் இரண்டு கோடு. ஓரத்தில், சாய்ந்த கையெழுத்தில், ஒரே ஒரு சொல். ‘கண்டுபிடிச்சிட்டார்!’

மேடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பழகிய இத்தனை வருடத்தில் அவர் கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றாமல், சும்மா கழற்றியதை அன்றுதான் பார்த்தேன்.

டைரக்டர் நல்ல உயரம். நன்றாகத் துவைத்த சட்டை, தாழ்ந்த குரல். அந்த வியாழக்கிழமையை அவர் இன்னொரு முறை சொன்னார். பத்து பத்து, லேப்டாப், அழுகை. நூறு தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பேச்சு.

“அந்த வரி?” என்றார் மேடம்.

“‘இந்த ஆட்டத்தில் மறுபடியும் மறுபடியும் சாவது காவலாளி அல்ல, கதை.’ இந்த ரூம்ல, நீங்க நிக்கற இடத்துல நின்னு படிச்சா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“கோர்ட்டு கேஸ் முடியற வரைக்கும் மறக்காம இருந்தா போதும்,” என்றேன் நான். மேடம் என்னை முறைத்துவிட்டு, மூன்று தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பத்து மணிப் பிரதி. திருத்தப் பதிவு. கடைசியாக மங்கல் தாள்.

“நீங்க கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்துல அந்த வரி இருக்கு. அது உலகத்துக்கு வந்தது பதினொன்னு முப்பத்திரண்டுக்கு. அப்ப அவங்க உயிரோட இல்ல. சார், யாரோ மத்தியானம் உக்காந்து, இவங்க அழறதுக்கு ஏத்த மாதிரி ஒரு வரி வேணும்னு தேடி எடுத்திருக்காங்க. மேல பத்து மணின்னு போட்டிருந்தத நம்பிட்டாங்க.”

“வேற எங்கயாவது படிச்சிருப்பா…”

“அவங்க ஸ்கிரீன்லயே படிக்க மாட்டாங்க.”

டைரக்டர் மங்கல் தாளையே பார்த்தார். அந்த நீலக் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தில் இருந்த துக்கம் போய், அடியில் இருந்த வேறொன்று தெரிந்தது. பொறாமை மாதிரி இருந்தது எனக்கு.

“அவ எழுதின முடிவுல காவலாளி தோத்துப் போறான்,” என்றார் ஈரமில்லாத குரலில். “அந்தத் துணி வெளுக்கறவளக் காப்பாத்தவே முடியாதுன்னு புரிஞ்சு, கடைசி ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து அவ பாடறதக் கேக்கறான். அப்பத்தான் அடுத்த நாள் விடியுதாம். யார் வாங்குவாங்க இத? நான் மாத்தினேன். இருபத்திரண்டு பேருக்குத் தெரியல. ஒருத்தன் கண்டுபிடிச்சான். அந்தப் பேப்பரத் தூக்கிட்டு சிரிச்சிட்டே வந்தா. ‘பன்னிரண்டு மணிக்கு என் முடிவ நானே வெளியிடப் போறேன், எது நல்லாருக்குன்னு ஜனங்க சொல்லட்டும்’னா. மேல வா, காத்தாடப் பேசலாம்னு கூட்டிட்டுப் போனேன். பேப்பரத்தான் பிடுங்கப் போனேன். அவ விடல. சிரிப்பையும் நிறுத்தல…”

“அப்புறம் தள்ளினீங்க.”

அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். திறந்திருந்த கதவுக்கு வெளியே அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார்.

மாலை நாலரைக்கு மறுபடி அந்த வீடு. திரைகள் மூடியபடியே இருந்தன. மேடம் விமர்சகருக்கு எதிரே, கீழே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எடிட்டர், பதினொன்று முப்பத்திரண்டு, டைரக்டர். கடைசியில் என் போனில் எடுத்து வைத்திருந்த மங்கல் தாளின் படத்தைக் காட்டச் சொன்னார்.

விமர்சகர் அந்த ஒற்றைச் சொல்லை வெகுநேரம் பார்த்தார். அக்கா சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“அப்ப, நான் அதக் கண்டுபிடிக்காம இருந்திருந்தா?” என்றார் அவர். “மத்தவங்க மாதிரி நானும் ஒன்பது மார்க் போட்டுட்டுப் போயிருந்தா, அந்தப் பேப்பரத் தூக்கிட்டு அவங்க அங்க போயிருக்க மாட்டாங்க. இல்ல?”

நான் மேடத்தைப் பார்த்தேன். ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். ஆனால் பிழை திருத்துகிறவரிடம் போய்ப் பிழையைக் கேட்க முடியுமா?

“போயிருக்க மாட்டாங்க,” என்றார் மேடம். “அது உண்மை தம்பி. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா கொன்னது அவன். நீங்க இல்ல. ஆறு வருஷம் எழுதினாங்க. படிச்ச இருபத்து மூணு பேர்ல ஒரே ஒருத்தர் அவங்க கை எது, அடுத்தவன் கை எதுன்னு தெரிஞ்சுக்கிட்டார். அந்த சந்தோஷத்தோட போனாங்க. அத நீங்கதான் குடுத்தீங்க. ரெண்டையும் சேத்துத்தான் நீங்க வெச்சுக்கணும்.”

விமர்சகர் அழ ஆரம்பித்தார். ஏழு நாளில் முதல் தடவை என்று அக்கா பிறகு சொன்னார். அழுகை இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அக்கா, போனக் குடு.”

“அதுல இன்னும் கண்டதும் வந்திட்டிருக்கும்டா…”

“அதெல்லாம் பாக்கல. நான் எழுதினதப் படிக்கணும்.”

அக்கா மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். மாவு டப்பாவைத் திறந்து, போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் தம்பி கையில் கொடுத்தார் அக்கா. ஜன்னல் திரையையும் ஒரு சாண் அளவுக்கு விலக்கிவிட்டார். இடுப்பில் இருந்த பால்கனிச் சாவியை மட்டும் எடுக்கவில்லை.

ஓரத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்த போனை முகத்தருகே பிடித்துக்கொண்டு, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, அவர் தன்னுடைய விமர்சனத்தைத் தானே படிக்க ஆரம்பித்தார். அந்தத் துணி வெளுக்கும் பெண் பாடும் பத்தி வந்ததும் உதடு அசைந்தது. நாங்கள் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.